80 கிலோவில் நின்ற தராசும், நான் மாறிய ஐஎன்ஏ826 சிப்பும்

100 கிலோ தாங்கும் ஒரு பிளாட்ஃபார்ம் தராசு, 80 கிலோவைத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டது. மேலே இன்னும் 10 கிலோ வைத்தாலும் 80, 20 கிலோ வைத்தாலும் 80. அதன் போர்டை வடிவமைத்தவன் நான். அனுப்புவதற்கு முன் 50 கிலோ எடைக்கல்லை வைத்துத்தான் காலிபிரேட் செய்திருந்தேன். அங்கே எல்லாம் கச்சிதமாக இருந்தது. அதனால் என் சந்தேகம் முதலில் இரும்பின் மேல்தான் போனது. எடையை மின் சிக்னலாக மாற்றும் லோடு செல் அளவுக்கு மீறி வளையாமல் தடுக்க அடியில் ஒரு ஸ்டாப் போல்ட் இருக்கும். அது சீக்கிரமே முட்டுகிறது என்று நினைத்து இடைவெளியைக் கூட்டினேன். மாற்றமில்லை. லோடு செல்லை மாற்றினேன். அதற்கும் மாற்றமில்லை. இன்னொரு லோடு செல்லையும் போட்டுப் பார்த்தேன்.

லோடு செல்லின் சிறிய சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் சிப்பின் வெளியீட்டை அளந்தால் 3.45 வோல்ட் இருந்தது. சப்ளையோ 5 வோல்ட். அந்தச் சிப்பின் வெளியீடு 4.9 வோல்ட் வரை போகக்கூடியது. மேலே இவ்வளவு இடம் இருக்கும்போது ஏன் நடுவழியில் நிற்க வேண்டும்? மூன்று நாள் இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் (கெயின்) என்பதை முடிவு செய்யும் கெயின் ரெசிஸ்டரின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தேன். அந்தச் சிப் இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தை மட்டும் பெருக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையர் வகை. அது ஒழுங்காக வேலை செய்யும்போது, உள்ளீட்டில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அதே வித்தியாசம் அந்த ரெசிஸ்டரிலும் நிற்க வேண்டும். 100 கிலோ ஏற்றியபோது லோடு செல்லிலிருந்து 10 மில்லிவோல்ட் வந்துகொண்டிருந்தது. ரெசிஸ்டரில் இருந்ததோ 8 மில்லிவோல்ட். சிக்கல் சிப்புக்கு உள்ளே இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சிப்பின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். தவறு அதனுடையது இல்லை, அதைப் பயன்படுத்திய விதத்தில் இருந்தது. ஆனால் அந்த மூன்று நாளுக்குப் பிறகு நான் சிப் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிவிட்டது. இப்போது என் போர்டுகளில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிக்கும் ஐஎன்ஏ826, அதுவும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையர்தான். அதைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. ஆனால் காமன் மோட் வோல்டேஜ் உள்ளே என்ன செய்கிறது என்று சொல்லாமல் இந்தச் சிப்பை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வதில் பொருளில்லை.

ஒரு சென்சாரிலிருந்து இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்றில் 2.505 வோல்ட், இன்னொன்றில் 2.495 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் இடையிலான 10 மில்லிவோல்ட் மட்டும். இரண்டிலும் பொதுவாக உட்கார்ந்திருக்கும் 2.5 வோல்ட்தான் காமன் மோட் வோல்டேஜ். அதைத் தள்ளிவிட்டு வித்தியாசத்தை மட்டும் ஒரு சிப் எவ்வளவு சுத்தமாக எடுத்துத் தருகிறது என்பதைச் சொல்லும் அளவு சிஎம்ஆர்ஆர், டெசிபெல்லில் சொல்வார்கள். சிப்பின் விவரங்களைத் தயாரிப்பாளர் அச்சிட்டுத் தரும் எல்லா டேட்டாஷீட்டின் முதல் பக்கத்திலும் இந்த எண் பெரிதாக இருக்கும். நானும் பல வருடம் அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சிப் வாங்கியவன்.

ஆப் ஆம்ப் எனப்படும் சாதாரணப் பெருக்கிச் சிப் ஒன்றையும் நான்கு ரெசிஸ்டர்களையும் வைத்து இதே வேலையைச் செய்யலாமே என்று ஆரம்பத்தில் எல்லோரும் முயல்வோம். செய்யலாம். கெயின் 1 வைத்து, 1 சதவீத ரெசிஸ்டர்களைப் போட்டால், மோசமான நிலையில் சிஎம்ஆர்ஆர் 34 டெசிபெல்தான் கிடைக்கும். ஆப் ஆம்ப் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதுதான் கதை, ஏனென்றால் தவறு ரெசிஸ்டர்களின் பொருத்தத்தில் இருக்கிறது. 34 டெசிபெல் என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. 10 வோல்ட் காமன் மோட் இருந்தால் 200 மில்லிவோல்ட் பொய்யாக வெளியே வரும். 0.1 சதவீத ரெசிஸ்டர் போட்டாலும் 54 டெசிபெல்தான். நான் தேடுவது 10 மில்லிவோல்ட் சிக்னல். இந்த வழி எனக்கு உதவாது.

கூடவே ஆப் ஆம்ப்பின் உள்ளீட்டு வோல்டேஜுக்கே ஓர் எல்லை உண்டு. எல்எம்358 என்ற ஆப் ஆம்ப்பில் அது கிரவுண்ட் வரை இறங்கும், ஆனால் மேலே சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். டிஎல்072 போன்ற பழைய ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) உள்ளீட்டு ஆப் ஆம்ப்களில் உள்ளீடு நெகட்டிவ் சப்ளையை நெருங்கி எல்லையைத் தாண்டினால் வெளியீடு தலைகீழாகப் புரண்டு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். சிக்னலைத் தலைகீழாக்கிப் பெருக்கும் இன்வர்ட்டிங் முறையில் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே இரண்டு உள்ளீடுகளும் ஒரே வோல்டேஜில் அசையாமல் இருக்கும். சிக்னலுக்கு ஒரு முனை கிரவுண்டில் இருக்குமானால் நான் இன்றும் முதலில் அந்த முறையைத்தான் யோசிப்பேன். லோடு செல் போல நான்கு ரெசிஸ்டர்களை வளையமாக இணைத்த பிரிட்ஜ் சென்சாருக்கு அது சரிப்படாது.

சரி, இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்புக்கு வருவோம். அதன் உள்ளே மூன்று ஆப் ஆம்ப்கள் இருக்கும். முதல் இரண்டும் வித்தியாசத்தைப் பெருக்கும். காமன் மோட்டைப் பெருக்காமல் அப்படியே கடத்தும். மூன்றாவது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, வெளியீட்டின் பூஜ்ஜியம் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் ரெஃப் பின்னில் கொடுத்த வோல்டேஜைக் கூட்டி வெளியே விடும். வெளியே நின்று பார்க்கும் நமக்குத் தெரிவது உள்ளீடும் வெளியீடும்தான். நடுவில் முதல் இரண்டு ஆப் ஆம்ப்களின் வெளியீடுகள் எங்கே இருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியாது. என் தராசு நின்றது அந்த இடத்தில்தான்.

கணக்கு எளிது. ஒரு பக்கம் காமன் மோட்டோடு வெளியீட்டு வீச்சில் பாதியைக் கூட்ட வேண்டும், மறுபக்கம் கழிக்க வேண்டும். என் பழைய போர்டில் காமன் மோட் 2.5 வோல்ட். கெயின் 400. முழு எடையில் 10 மில்லிவோல்ட் வரும்போது வெளியீடு 4 வோல்ட் அசைய வேண்டும். அப்படியானால் உள்ளே ஒன்று 4.5-க்கும் மற்றது 0.5-க்கும் போக வேண்டும். அந்தச் சிப்பின் உள்பகுதி இரண்டு பக்கமும் சுமார் 0.9 வோல்ட்டை விட்டுவிடும். 4.1-ஐத் தொட்டதும் நின்றுவிட்டது. 2.5 கூட்டல் 1.6, அதாவது வெளியீட்டில் 3.2 வோல்ட் அசைவு, 4 வோல்ட்டில் 80 சதவீதம், 80 கிலோ. ரெஃப் பின்னில் நான் கொடுத்திருந்த 0.25-ஐச் சேர்த்தால் 3.45. அந்த எண் காகிதத்தில் வந்து நின்றபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது. கெயினை 300 ஆகக் குறைத்திருந்தாலே பிரச்சனை தீர்ந்திருக்கும். ஒரே ஒரு ரெசிஸ்டர். அதை அறியாமல் இரண்டு லோடு செல்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் கட்டத்தில் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் முட்டினால் வெளியீடு இப்படி நிற்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் முட்டினால் நடப்பது இதைவிட ஆபத்தானது. இரண்டும் ஒரே வோல்டேஜில் ஒட்டிக்கொள்வதால் மூன்றாவது ஆப் ஆம்ப் பூஜ்ஜிய வித்தியாசத்தைப் பார்க்கிறது. வெளியீடு ரெஃப் வோல்டேஜில் அமைதியாக உட்கார்ந்துவிடும். தராசு காலியாக இருப்பது போலவே தெரியும். ஒரு தொட்டியை நிரப்பும் இடத்தில் இது நடந்தால் வால்வு மூடாது.

ஐஎன்ஏ826 வெளிவந்தது 2011-ல். அது எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம், அதன் உள்ளீட்டு எல்லை நெகட்டிவ் சப்ளையையே உள்ளடக்கியது. ஒற்றை சப்ளையில் வேலை செய்யும்போது காமன் மோட் பூஜ்ஜியம் வரை இறங்கலாம். மேலே சப்ளைக்கு 1 வோல்ட் கீழே வரை போகலாம். உள்ளே இருக்கும் பிஎன்பி டிரான்சிஸ்டர்கள் உள்ளீட்டு வோல்டேஜை ஒரு டையோடு அளவுக்குச் சற்று மேலே தூக்கிவிடுவதுதான் இதன் ரகசியம். நான் அதை 0.8 வோல்ட் என்று வைத்துக் கணக்குப் போடுவேன். இதன் விளைவு சுவையானது. வழக்கமாக எல்லோரும் காமன் மோட்டைச் சப்ளையின் நடுவில் வைக்கப் பார்ப்போம். இந்தச் சிப்பில் 2.5-ல் வைத்தால் உள்ளே அது 3.3 ஆகிவிடும், மேலே இடம் குறைந்துபோகும். 5 வோல்ட் சப்ளையில் இதற்குப் பிடித்த இடம் 1.7 வோல்ட் பக்கம். அங்கே வைத்தால் உள்பகுதி மிகச்சரியாக நடுவில் நிற்கும்.

பிரிட்ஜின் காமன் மோட்டை இறக்குவது எப்படி? இதற்கு ஒரே ஒரு ரெசிஸ்டர் போதும். 350 ஓம் லோடு செல்லுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 150 ஓம் ஒன்றைச் சேர்த்தேன். மொத்தம் 500 ஓம், 10 மில்லிஆம்பியர் ஓடும். பிரிட்ஜுக்குக் கிடைப்பது 3.5 வோல்ட். அதன் நடுப்புள்ளி 1.75 வோல்ட். வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இதற்கு விலை உண்டு: வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் லோடு செல் என்பதால் முழு எடையில் சிக்னல் 10-லிருந்து 7 மில்லிவோல்ட்டாகக் குறைந்தது. ஆனால் இப்போது கெயினை 600 வரை தைரியமாக ஏற்றலாம். கெயின் என்பது 49.4 கிலோஓமை ரெசிஸ்டரால் வகுத்து 1 கூட்டுவது. 82.5 ஓம் போட்டால் கிட்டத்தட்ட மிகச்சரியாக 600. வெளியீடு 4.2 வோல்ட் அசையும். உள்ளே ஒரு பக்கம் 4.65, மறுபக்கம் 0.45. இரண்டும் எல்லைக்குள். பழைய சிப்பில் 3.2 வோல்ட்டில் முட்டி நின்ற அதே 5 வோல்ட் சப்ளைதான் இது.

வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசிக்கு, அது ஒப்பிட்டு அளக்கும் ரெஃபரன்ஸ் வோல்டேஜை பிரிட்ஜின் மேல்முனையிலிருந்தே எடுத்தால் அந்த 150 ஓம் வெப்பத்தில் கொஞ்சம் மாறினாலும் எடை மாறாது. சிக்னலும் ரெஃபரன்ஸும் ஒன்றாகவே ஏறி இறங்கும். ஆனால் அப்போது ரெஃபரன்ஸ் 3.5 வோல்ட்தான், 4.2 வோல்ட் வீச்சு அதற்குள் அடங்காது. நான் ஒரு போர்டில் கெயினை 400-க்கு இறக்கி அப்படிச் செய்திருக்கிறேன். இன்னொன்றில் 5 வோல்ட்டையே ரெஃபரன்ஸாக வைத்து, வெப்பத்தில் மாறாத நல்ல ரெசிஸ்டரைப் போட்டேன். இரண்டில் முதல் வழிதான் எனக்கு நிம்மதி தருகிறது.

இரண்டாவது காரணம் டேட்டாஷீட். காமன் மோட்டை ஒரு அச்சிலும் வெளியீட்டை இன்னொரு அச்சிலும் வைத்து, எந்தப் பகுதிக்குள் சிப் உண்மையாக வேலை செய்யும் என்று வரைந்து காட்டும் படங்கள் அதில் இருக்கின்றன. அந்த வடிவம் பெரும்பாலும் வைரம் போலவோ அறுகோணம் போலவோ இருக்கும். வெவ்வேறு சப்ளை, கெயின், ரெஃப் வோல்டேஜ்களுக்குத் தனித்தனிப் படம். என் சிக்னல் போகும் பாதையைப் பென்சிலால் அதன் மேல் கோடாக வரைந்து பார்ப்பேன். கோடு முழுவதும் உள்ளே இருந்தால் மட்டும் போர்டு வரையத் தொடங்குவேன். சிஎம்ஆர்ஆர் எண்ணைப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எல்லைக்கு வெளியே போய்விட்டால் 104 டெசிபெல் என்று அச்சடித்திருப்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

எல்லைக்குள் இருக்கும்போது அந்த 104 டெசிபெல் நல்ல எண்தான். கெயின் 10-ல் குறைந்தபட்சமாக அதைத் தருகிறார்கள். காமன் மோட் 1 வோல்ட் ஆடினால் உள்ளீட்டில் சுமார் 6 மைக்ரோவோல்ட் தவறுதான் வரும். 5 கிலோஹெர்ட்ஸிலும் 100 டெசிபெல்லுக்குக் குறையாது என்பது இன்னும் பெரிய விஷயம், ஏனென்றால் நிஜத்தில் வந்து தொல்லை கொடுக்கும் சத்தம் டிசியாக இருப்பதில்லை. பின் அமைப்பும் இதற்காகவே யோசித்துச் செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு உள்ளீடுகளும் 1, 4 என்று வெளியில். கெயின் ரெசிஸ்டரின் இரண்டு பின்களும் நடுவில் 2, 3. போர்டில் இரண்டு பக்கத்துக் கோடுகளையும் கண்ணாடியில் பார்ப்பது போல ஒரே மாதிரி இழுக்கலாம். ஏடி620 என்ற இன்னொரு இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்பைப் பழகியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: அதில் கெயின் பின்கள் 1-லும் 8-லும் இருக்கும். ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் மற்றதைப் பொருத்த முடியாது.

ஆனால் சிப்பில் இருக்கும் 104 டெசிபெல்லைப் போர்டில் தக்கவைப்பது நம் கையில்தான் இருக்கிறது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை இரண்டு தவறுகள்.

ஒன்று ரெஃப் பின். 0.25 வோல்ட்டோ 2.5 வோல்ட்டோ வேண்டும் என்று இரண்டு ரெசிஸ்டர்களை அடுக்கி நடுவிலிருந்து நேராக ரெஃப் பின்னுக்கு இழுத்துவிடுவோம். பார்க்க ஒழுங்காகவே இருக்கும், வோல்ட்மீட்டரும் சரியாகக் காட்டும். உள்ளே அந்தப் பின் 50 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றின் முனை. இரண்டு 10 கிலோஓம் போட்டால் நாம் அதோடு 5 கிலோஓமைத் தொடராகச் சேர்த்துவிடுகிறோம். லேசரால் பொருத்தி வைத்த சமநிலை போய்விடும். கணக்குப் போட்டால், காமன் மோட் 1 வோல்ட் ஆடும்போது வெளியீட்டில் 48 மில்லிவோல்ட் ஆடும். மூன்றாவது கட்டத்தின் சிஎம்ஆர்ஆர் வெறும் 26 டெசிபெல்லாகிவிட்டது என்று பொருள். கெயின் 600 என்றால் உள்ளீட்டுக்குத் திருப்பிப் பார்க்கும்போது இது சிறிதாகத் தெரியும். கெயின் 1 அல்லது 5-ல் வேலை செய்பவர்களுக்கு மொத்த முயற்சியும் வீண். நடுவில், வோல்டேஜை மாற்றாமல் அப்படியே கடத்தும் ஓர் ஆப் ஆம்ப் பஃபர் வைத்தால் போதும். என் போர்டுகளில் ரெஃப் பின்னுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பஃபர் இருக்கும்.

இன்னொன்று உள்ளீட்டு ஃபில்டர். பக்கத்தில் மோட்டார் ஓடும்போது எண்கள் நடுங்கின. நான் ஒவ்வொரு உள்ளீட்டிலும் 1 கிலோஓமும், கிரவுண்டுக்கு 100 நானோஃபாரடும் போட்டேன். நடுக்கம் கூடியது! என்னோடு வேலை பார்க்கும் தம்பி அந்த இரண்டு கப்பாசிட்டர்களையும் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்த்தான். ஒன்றுக்கொன்று 5 சதவீதம் வித்தியாசம். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் அந்த 5 சதவீதம் மட்டுமே காமன் மோட்டை வித்தியாசமாக மாற்றிவிடும். கணக்கில் 56 டெசிபெல் வருகிறது. 104 டெசிபெல் சிப்பை வாங்கி வாசலிலேயே 56 ஆக்கியிருந்தேன். இப்போது கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட் மட்டும், அதுவும் மதிப்பு எளிதில் மாறாத சிஓஜி வகை செராமிக். இரண்டு உள்ளீடுகளுக்கும் இடையே 10 நானோஃபாரட் ஒன்று. குறுக்கே இருப்பது கிரவுண்டுக்குப் போவதைவிடப் பத்து மடங்காவது பெரியதாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் பின்பற்றும் வழக்கம். 1 நானோஃபாரடில் அதே 5 சதவீத வித்தியாசம் இருந்தாலும் 96 டெசிபெல்லுக்குத் திரும்பிவிடுகிறோம்.

சிப்பின் மற்ற குணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 200 மைக்ரோஆம்பியர்தான் குடிக்கும். பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு நல்லது. சப்ளை 36 வோல்ட் வரை போகலாம். வெளியீடு இரண்டு ஓரங்களையும் கிட்டத்தட்டத் தொடும். உள்ளீடுகளில் ±40 வோல்ட் வரை தாங்கும் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. லோடு செல் கம்பியைத் தவறாக 24 வோல்ட் டெர்மினலில் சொருகிய போர்டு என் மேசைக்கு வந்தது. சரியான இடத்தில் மாட்டியதும் ஒன்றும் நடக்காதது போல வேலை செய்தது. இதற்காகவே நான் தனியாக இரண்டு நன்றி சொல்வேன்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பிஎன்பி உள்ளீடு என்பதால் உள்ளீட்டுப் பின்களில் ஓடும் பயஸ் கரண்ட் கூடுதல், சாதாரணமாக 35 நானோஆம்பியர். 350 ஓம் லோடு செல்லுக்கு அது ஒன்றுமே இல்லை. 100 கிலோஓம் உள்ள சென்சாரில் 3.5 மில்லிவோல்ட்டாகிவிடும். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் போல, சர்க்யூட்டின் கிரவுண்டோடு இணையாமல் மிதக்கும் சென்சார் என்றால், அந்தக் கரண்ட் திரும்பிப் போக ஒரு ரெசிஸ்டர் வழி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு உள்ளீடுகளும் மெல்ல நகர்ந்து காமன் மோட் எல்லையைத் தாண்டிவிடும். மேசையில் ஐந்து நிமிடம் ஓடிவிட்டுப் பிறகு நின்றுபோகும் போர்டு என்றால் நான் முதலில் இதைத்தான் தேடுவேன்.

எடை போடுபவர்களுக்கு இன்னொரு குறை முக்கியம். கெயின் 1-க்கு மேல் போனால் வெப்பத்துக்கு ஏற்ப கெயின் டிகிரிக்கு 35 பிபிஎம் (பத்து லட்சத்தில் 35 பங்கு) வரை மாறலாம். 20 டிகிரி ஏறினால் 0.07 சதவீதம். 100 கிலோவில் 70 கிராம். சரக்கு எடைக்குப் பரவாயில்லை. நுட்பமான தராசுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிக்னல் பூஜ்ஜியமாக இருந்தாலும் சிப் தானாகச் சேர்க்கும் ஆஃப்செட்டும் 150 மைக்ரோவோல்ட் வரை இருக்கலாம். கெயின் 600-ல் அது வெளியீட்டில் 90 மில்லிவோல்ட். தராசில் எடையைப் பூஜ்ஜியமாக்கும் டேர் பொத்தானை அழுத்தினால் போய்விடும். அழுத்த வழியில்லாத கருவிக்கு ஐஎன்ஏ333 போன்ற, ஆஃப்செட்டைத் தானே திருத்திக்கொள்ளும் ஜீரோ-டிரிஃப்ட் வகையைப் பார்க்கலாம். அதன் ஆஃப்செட் 25 மைக்ரோவோல்ட்டுக்குள். ஆனால் சப்ளை 5.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

காமன் மோட் சப்ளைக்கு மேலேயே இருக்கும் இடங்களில் இந்தச் சிப்பைத் தொடவே வேண்டாம். 48 வோல்ட் பேட்டரி வரிசையில் மேல் செல் ஒன்றின் வோல்டேஜை 5 வோல்ட் சப்ளையில் ஓடும் ஐஎன்ஏ826-ஐ வைத்து அளக்கலாமா என்று ஒருவர் கேட்டார். உள்ளீட்டுப் பாதுகாப்பு உடையாமல் காப்பது வேறு, அளப்பது வேறு. அங்கே ஏடி629 போன்றது வேண்டும். ±15 வோல்ட் சப்ளையில் ±270 வோல்ட் காமன் மோட்டைத் தாங்கி அளக்கும். எப்படி என்றால், 380 கிலோஓமும் 20 கிலோஓமும் சேர்ந்து காமன் மோட்டை இருபதில் ஒன்றாகக் குறைத்துவிடும். 270 வோல்ட் 13.5 ஆகி உள்ளே இருக்கும் ஆப் ஆம்ப்பின் எல்லைக்குள் வந்துவிடும். குறைத்ததை ஈடுகட்ட ஆப் ஆம்ப் இருபது மடங்கில் ஓடுவதால் நாய்ஸும் கூடும். ஐஎன்ஏ826-ன் உள்ளீட்டு நாய்ஸ் 18 நானோவோல்ட் என்றால் அதில் 550. கெயின் 1 மட்டுமே. அது உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே மின் தொடர்பைத் துண்டித்துத் தனிமைப்படுத்தும் கருவியும் இல்லை. அதிக வோல்டேஜில் ஆள் தொடும் இடம் என்றால் தனிமைப்படுத்தும் ஆம்ப்ளிஃபையர்தான் வேண்டும். இதில் சமரசம் செய்யக் கூடாது.

காமன் மோட்டை இப்படிச் சகித்துக்கொள்வதற்குப் பதில் அடக்கியே வைக்கும் வழியும் உண்டு. ஈசிஜி கருவிகளில் வலது காலில் ஒட்டும் மின்முனை அதற்குத்தான். உடம்பில் ஏறியிருக்கும் காமன் மோட்டை அளந்து, தலைகீழாக்கிப் பெருக்கி, அந்தக் கால் வழியே உடம்புக்கே திருப்பிக் கொடுப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சர்க்யூட் யோசனைகளில் ஒன்று அது. லோடு செல்லில் நான் அவ்வளவு தூரம் போவதில்லை. நீண்ட கேபிள் என்றால் மட்டும் காமன் மோட்டைப் பஃபர் செய்து கேபிளின் உலோக உறையான ஷீல்டுக்குக் கொடுப்பேன். கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையிலான கப்பாசிட்டன்ஸ் இரண்டு பக்கமும் வேறுபட்டிருந்தாலும் அப்போது அவ்வளவாகப் பாதிக்காது.

இரண்டும் ஒரே பக்கத்தில் முட்டினால் வெளியீடு காலித் தராசு போலத் தெரியும் என்று மேலே சொன்னேனே, அதற்கு ஐஎன்ஏ826-ம் விதிவிலக்கு இல்லை. லோடு செல்லின் கிரவுண்ட் கம்பி அறுந்தால் இரண்டு சிக்னல் கம்பிகளும் 5 வோல்ட்டுக்கு ஏறிவிடும். வெளியீடு ரெஃப்பில் நிற்கும். 5 வோல்ட் பக்கத்து மேல் கம்பி அறுந்தால் இரண்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கும். அது இந்தச் சிப்புக்குச் சரியான காமன் மோட்தான், வித்தியாசமோ பூஜ்ஜியம்; அப்போதும் வெளியீடு ரெஃப்பில்தான் நிற்கும். திரையில் இரண்டு முறையும் பூஜ்ஜியம். எனவே இப்போது ஒவ்வொரு போர்டிலும் இரண்டு சிக்னல் கம்பிகளிலிருந்தும் தலா ஒரு 100 கிலோஓமை எடுத்து ஒரு புள்ளியில் சேர்க்கிறேன். அந்தப் புள்ளியில் இருப்பது இரண்டின் சராசரி, அதாவது காமன் மோட்டேதான். கிரவுண்டுக்கு ஒரு 100 நானோஃபாரட் வைத்து, மைக்ரோகன்ட்ரோலரில் சும்மா கிடக்கும் ஏடிசி சேனல் ஒன்றில் கொடுத்துவிடுகிறேன். 350 ஓம் பிரிட்ஜுக்கு இந்தச் சுமை தெரியவே தெரியாது. அது 1.75-ஐ விட்டுக் கால் வோல்ட் விலகினாலும் திரை எடையைக் காட்டாமல் பிழை என்று காட்டும்.

கெயின் ரெசிஸ்டரின் இரண்டு முனைகளிலும் சிறிய டெஸ்ட் பேடுகளும் வைக்கிறேன். ஆசிலாஸ்கோப் புரோபை அங்கே தொடக் கூடாது, அதன் கப்பாசிட்டன்ஸ் சமநிலையைக் கெடுக்கும். மல்டிமீட்டர் போதும். போர்டு அனுப்பும் முன் 100 கிலோ முழுவதையும் ஏற்றி, உள்ளீட்டில் 7 மில்லிவோல்ட், பேடுகளிலும் 7 மில்லிவோல்ட் என்று பார்த்த பிறகுதான் மூடியைத் திருகுகிறேன். 50 கிலோ எடைக்கல்லோடு நிறுத்துவதில்லை.